ஒரு தீவுக்கு நரி எதற்கு?

தொட்டிலில் கிடக்கும் பச்சைப்பிள்ளை தூக்கத்தில் திடீரென்று சிரிக்கும். அடுத்த நொடி உதட்டைப் பிதுக்கும். "நரி வெருட்டுது" என்பார் அம்மம்மா. நரி கனவில் வந்து, "உன்ரை அம்மா செத்துப்போனா" என்று சொல்லுமாம். "இப்பதானே பால் தந்தவா" என்று பிள்ளை சிரிக்குமாம். "அப்ப உன்ரை அப்பா?" என்றதும் அழுகை வந்துவிடுமாம். கொஞ்சம் வளர்ந்து முற்றத்துக்கு வந்தால், வெயிலும் மழையும் ஒன்றாக வரும் நாளில் நரிக்குக் கல்யாணம். இன்னும் வளர்ந்து கடைத்தெருவுக்குப் போனால், நம்மை ஏமாற்றுகிறவன் நரி.

இப்படிப் பிறந்த நாள் முதல் கூடவே வருகிற விலங்கை எத்தனை பேர் நேரில் பார்த்திருக்கிறோம்? வன்னியிலும் கிழக்கிலும் வயற்காவலுக்குப் போன பழைய ஆட்களுக்கு அதன் ஊளை பழக்கம். நகரத்துப் பிள்ளைகளுக்கு அது கைபேசியில் கேட்கும் சத்தம். சிறுத்தையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நரியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் முதல் கேள்வியே "எதற்கு?" என்றுதான் வரும். நியாயமான கேள்விதான். இலங்கையை வைத்தே அதற்கு விடை தேடிப் பார்ப்போம்.

எந்த நரி?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். திராட்சை எட்டாமல் போய் "சீச்சீ, புளிக்கும்" என்ற கதை வெளியிலிருந்து வந்தது. அந்தக் கதையின் விலங்கு வேறு: கூர்மூக்கும் புதர்போன்ற வாலும் உள்ள சிறிய விலங்கு. தமிழில் அதையும் நரி என்றே எழுதிவிட்டோம். சிலர் அதைக் குள்ளநரி என்பார்கள். வேறு சிலர் நம் ஊர் நரியையே குள்ளநரி என்பார்கள். நல்லவேளையாக இலங்கையில் இந்தத் தொல்லை இல்லை. கதையில் வருகிற அந்த விலங்கு இங்கே கிடையாது. ஓநாய் கிடையாது, செந்நாய் கிடையாது. நாய்க் குடும்பத்தில் இந்தத் தீவில் காட்டு விலங்காக இருப்பது ஒன்றே ஒன்றுதான். அதை நாம் நரி என்கிறோம். சிங்களத்தில் நரியா என்றும் ஹிவலா என்றும் சொல்வார்கள்.

அறிவியல் பெயர் கானிஸ் ஆரியஸ். அதில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய கிளையினத்துக்கு 1916இல் இட்ட பெயர் 'நரியா'. லத்தீன் பெயர்களுக்கு நடுவே நம் வாய்ச்சொல் போய் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு எப்போதும் ஒரு சின்ன மகிழ்ச்சி. ஆள் பெரியவர் அல்ல. எடை ஐந்து முதல் எட்டரை கிலோ வரை. நம் தெருநாயைவிடக் கட்டை. சாம்பலும் கறுப்பும் செம்மண் நிறமும் கலந்த முதுகு, நுனி கறுத்த வால். ஆணும் பெண்ணும் ஜோடியாக வாழும். போன ஈற்றுக் குட்டிகளில் ஒன்றிரண்டு பிரிந்து போகாமல் தங்கி, அடுத்த ஈற்றுத் தம்பி தங்கைகளை வளர்க்க உதவும். தந்திரக்காரன், தனியன் என்று நாம் கட்டிய கதைக்குள் இந்தக் குடும்பஸ்தன் எங்கேயும் இல்லை.

மாலை இருளும் நேரத்தில் கேட்கும் ஊளையும் குடும்ப விவகாரமே. ஒன்று தொடங்க, மற்றவை சேர்ந்துகொள்ளும். "நாங்கள் இங்கே இருக்கிறோம், இது எங்கள் எல்லை" என்று பக்கத்துக் குடும்பத்துக்குச் சொல்லும் செய்தி அது. கடைசிப் பகுதியில் இதே ஊளை நமக்கு வேறொரு விதத்தில் உதவப்போகிறது.

ஆள் குறைந்த கூத்து

கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றையதைவிட நூறு மீற்றருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. பாக்குநீரிணை ஆழமில்லாத கடல். அப்போது அது தரை. விலங்குகள் நடந்தே வந்தன, நடந்தே போயின. பிறகு கடல் ஏறியது, வழி அடைந்தது. இந்தப் பக்கம் இருந்தவை இந்தப் பக்கமே நின்றன. நின்றவையும் எல்லாம் தப்பவில்லை. இரத்தினபுரிப் பக்கம் குருவிட்ட பகுதியில் சிங்கத்தின் பல்லும் புலியின் எலும்பும் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்திருக்கின்றன. இரண்டும் இன்று இங்கே இல்லை.

இந்தக் கட்டுரையின் மையம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். இந்தியப் பெருநிலத்துக் காட்டில் ஒரு மாடு செத்தால், அதை முடித்துவைக்கப் பிணந்தின்னிக் கழுகு, கழுதைப்புலி, ஓநாய், நரி, காட்டுப்பன்றி, காகம் என்று நீண்ட வரிசை உண்டு. ஒருவர் வராவிட்டால் இன்னொருவர் வருவார். இலங்கையில் கழுதைப்புலி இல்லை. பிணந்தின்னிக் கழுகு இங்கே கூடு கட்டி வாழ்வதில்லை. எப்போதாவது வழிதவறி ஒன்று வந்தால் பறவை பார்ப்பவர்களுக்கு அது பெரிய செய்தி. ஓநாயும் செந்நாயும் இல்லை என்று முன்பே பார்த்தோம். மிஞ்சுவது யார்? காட்டுப்பன்றி, கபரக்கொய்யா என்ற பெரிய உடும்பு, முதலை, காகம், பருந்து, அப்புறம் நரி. இதில் முதலை தண்ணீரை விட்டு அதிகம் நகராது. கபரக்கொய்யாவுக்கு உடம்பு சூடாக வெயில் வேண்டும்; இரவில் அது வேலைக்கு வராது. காகமும் பருந்தும் தடித்த தோலைக் கிழிக்க மாட்டா. இருட்டில், தூரத்திலிருந்து மோப்பம் பிடித்து ஓடிவந்து, தோலைக் கிழித்து வயிற்றைத் திறந்து மற்றவர்களுக்கும் வழிவிடக்கூடியவர் பன்றியும் நரியும்தான்.

பத்துப் பேர் ஆடும் கூத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் வேறொருவர் வேஷம் கட்டிக்கொள்வார். நான்கு பேர் மட்டுமே ஆடும் கூத்தில் ஒருவர் படுத்துவிட்டால் அன்றைக்கு ஆட்டம் இல்லை. தீவில் வாழும் விலங்குக்கும் பெருநிலத்து விலங்குக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவுதான்.

செத்ததைத் தின்னும் வேலை

"செத்ததைத் தின்பது" என்றாலே முகம் சுளிக்கிறோம். அந்த வேலை நின்றுபோனால் என்ன ஆகும் என்பதை அயல்நாட்டிலேயே பார்த்துவிட்டோம். மாடுகளுக்கு வலிநீக்கியாகக் கொடுத்த டைக்ளோஃபெனாக் மருந்து செத்த மாட்டின் உடலில் தங்கியது. அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகம் செயலிழந்தது. 1990களில் தொடங்கிச் சில ஆண்டுகளுக்குள் இந்தியாவின் முக்கியமான கழுகு இனங்களில் நூற்றுக்கு 95க்கும் மேல் அழிந்தன. ஊர்ப்புறத்தில் பிணங்கள் அழுகிக் கிடந்தன. நீர்நிலைகள் கெட்டன, தெருநாய்கள் பெருகின. 2000 முதல் 2005 வரையான ஆண்டுகளில் இதனால் ஏறத்தாழ 5 லட்சம் மனித உயிர்கள் கூடுதலாகப் போயிருக்கும் என்று 2024இல் வெளியான ஒரு பொருளியல் ஆய்வு கணக்கிட்டது.

இலங்கையில் நரி குறைந்தால் அப்படியே நடக்கும் என்று நான் சொல்லவரவில்லை. நரி கழுகு அல்ல. ஒரு மாட்டை அரை மணி நேரத்தில் எலும்பாக்கும் கூட்டம் அதற்குக் கிடையாது. ஆனால் செத்ததைத் தின்பவர் போய்விட்டால் பிணம் தானாக மறையாது என்பது மட்டும் இரண்டு இடத்துக்கும் பொது. அந்த இடத்தை நிரப்ப வருவது பெரும்பாலும் தெருநாய். அதன் கதைக்குப் பிறகு வருவோம்.

எலியும் வரம்பும்

நெல் விளையும் நாட்டில் எலிக்கணக்கு பெரிய கணக்கு. அகிழான் வரம்பில் வளை தோண்டும். வரம்பு இடிந்து தண்ணீர் வடியும். முற்றும் பயிரின் தண்டை அறுத்துக் கதிரை வளைக்குள் இழுத்துச் சேமிக்கும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலோடு இறங்குபவருக்கு எலிக்காய்ச்சல் வரும். 2008இல் மட்டும் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்தக் காய்ச்சல் பதிவானது.

நரியின் அன்றாடச் சாப்பாட்டில் எலிக்குப் பெரிய பங்கு உண்டு. காதை நிமிர்த்தி அசையாமல் நிற்கும். பிறகு நான்கு காலும் தரையை விட்டு எழும்பி, மூக்கை முன்னால் நீட்டி விழும். நரி இருந்தால் எலிக்காய்ச்சல் வராது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். எலிகள் பெருகும் வேகத்துக்கு எந்த நரியும் ஈடு கொடுக்காது. பாம்பு, ஆந்தை, காட்டுப்பூனை, நரி என்று பல பக்கத்திலிருந்து வரும் நெருக்குதலே எலியைக் கட்டுக்குள் வைக்கிறது. அதில் நரியின் பங்கு சின்னதல்ல. செர்பியா நாட்டு ஆய்வாளர்கள் 2016இல் ஒரு கணக்குப் போட்டார்கள்: அந்த நாட்டு நரிகள் ஆண்டுக்கு 3,700 தொன்னுக்கு மேல் விலங்குக் கழிவையும், பயிரை அழிக்கும் எலியினங்களில் 1 கோடியே 32 லட்சத்தையும் தின்று தீர்க்கின்றன. அங்கே காலநிலை வேறு, விவசாயம் வேறு. அந்த எண்ணை அப்படியே இங்கே தூக்கி வைக்க முடியாது. எந்த அளவில் யோசிக்க வேண்டும் என்பதை மட்டும் அது காட்டுகிறது.

மயில் விவகாரமும் இதோடு சேர்ந்தது. உலர்வலயத்தில் மட்டும் இருந்த மயில் இப்போது ஈரவலயத்துக்குள்ளும் பரவியிருக்கிறது. தோட்டக்காரர்கள் தலையில் கை வைக்கிறார்கள். நரி குறைந்ததால்தான் மயில் பெருகியது என்பது ஊர்ப்பேச்சு. முட்டையையும் குஞ்சையும் தின்பதில் நரிக்கும் பங்கு உண்டு என்பதால் அந்தப் பேச்சை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் காலநிலை வறண்டு போவதையும் காடு திறந்த வெளியாவதையும் ஆய்வாளர்கள் காரணமாகக் காட்டுகிறார்கள். ஒரு விலங்கு கூடினால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கும் என்று நினைப்பது நம் பழக்கதோஷம்.

பழம் தின்னும் நரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈச்சம்பழம், இலந்தைப்பழம், நாவற்பழம் எல்லாம் அதற்குப் பிடிக்கும். தின்ற இடத்திலிருந்து வெகுதூரம் நடந்து போய் எச்சமிடும். விதையும் அங்கே போய்ச் சேரும். தேயிலைக்கு முன் இலங்கை மலைகளில் கோப்பி விளைந்த காலத்தில் நரிகள் கோப்பிப் பழத்தைத் தின்று கொட்டையை எச்சத்தில் விட்டுச் செல்லும் என்று 19ஆம் நூற்றாண்டு இயற்கையியலாளர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். தொழிலாளர்கள் அதைப் பொறுக்கி எடுப்பார்களாம். இன்று மரநாய் எச்சத்துக் கோப்பியைக் கொள்ளை விலைக்கு வாங்குகிறவர்கள் யோசிக்கலாம்.

கிடைக்கு இரண்டு ஆடு

நரியை வெறும் நல்லவனாகக் காட்டினால் ஆடு வளர்ப்பவர் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிடுவார். "நரிக்கு நாட்டாண்மை கொடுத்தால் கிடைக்கு இரண்டு ஆடு கேட்கும்" என்ற பழமொழி சும்மா பிறக்கவில்லை. நரி கோழி பிடிக்கும். ஆட்டுக்குட்டி பிடிக்கும். கடற்கரையில் கடலாமை இட்டுப் புதைத்த முட்டையைத் தோண்டித் தின்னும். காட்டில் புள்ளிமான் குட்டியையும் விடாது. ஆமையைக் காப்பாற்றுகிறவருக்கும் நரியைக் காப்பாற்றுகிறவருக்கும் ஒரே கடற்கரையில் சண்டை வரலாம்.

ஆனால் விடியற்காலையில் குதறிக் கிடக்கும் ஆட்டைப் பார்த்ததும் "நரி" என்று முடிவு கட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கூட்டமாகத் திரியும் தெருநாய்களும் இதையே செய்யும். நரி பிறகு மிச்சத்தைத் தின்ன வந்திருக்கலாம்; வந்த இடத்தில் கண்ணில் பட்டிருக்கலாம். பழி அதன் தலையில் விழும். மறுநாள் செத்த ஆட்டின் உடலில் நஞ்சு தடவி வைக்கிறார்கள். அதை நரி தின்னும், கபரக்கொய்யா தின்னும், பருந்து தின்னும், சில சமயம் பக்கத்து வீட்டு நாயும் தின்னும். ஆடு பிடித்தது எதுவோ, அது தின்னாமலே போயிருக்கலாம்.

செலவு குறைந்த மருந்து இரவுப் பட்டிதான். முள் அடைத்து, கீழே நுழைய இடைவெளி இல்லாமல் கட்டிய பட்டிக்குள் குட்டிகளை அடைத்தால் இழப்பு பெருமளவு குறையும். கோழிக்கு நிலத்திலிருந்து உயர்த்திய கூடு. செத்த கோழியையும் கழிவையும் வேலிக்கு வெளியே வீசாமல் புதைத்துவிட்டால் நரியை வீட்டுக்கு விருந்துக்கு அழைக்கும் வேலையும் மிச்சம்.

பரவலான விலங்கு, அடைபட்ட விலங்கு

உலக அளவில் நரி அழிவின் விளிம்பில் இருக்கும் விலங்கு அல்ல. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அது கவலை மிகக் குறைந்த வகையில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் அது பெருகியும் வருகிறது. பால்கன் பகுதியிலிருந்து வடக்கே நடந்து 2013இல் எஸ்தோனியா, 2015இல் டென்மார்க், 2020இல் நோர்வே என்று போய்ச் சேர்ந்துவிட்டது. யாரும் கொண்டுபோய் விடவில்லை. காலால் நடந்து போனது.

இதைப் படித்துவிட்டு இலங்கை நரியைப் பற்றியும் கவலை வேண்டாம் என்று நினைத்தால் தவறு. நோர்வே வரை நடந்த நரிக்குக் காலடியில் தரை இருந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர் கடல். இங்கே குறைந்தால் அங்கிருந்து ஒன்றும் வந்து நிரப்பாது. தீவுக்குள்ளேயும் பெருந்தெருவும் குடியிருப்பும் தோட்டமும் காட்டைத் துண்டு போட்டிருக்கின்றன. தீவுக்குள் சின்னச் சின்னத் தீவுகள். ஒரு துண்டில் பத்துக் குடும்பம், அதில் நோய் வந்து ஏழு போனால், அடுத்த துண்டிலிருந்து இளசுகள் வர வழி இருக்க வேண்டும். குளக்கட்டும் வாய்க்கால் ஓரப் பற்றையும் வயல் நடுவே விட்டுவைத்த திட்டுக் காடும் அந்த வழிகள். அவற்றைச் 'சுத்தப்படுத்தும்' போது நாம் ஒரு பாதையை அடைக்கிறோம்.

யால, வில்பத்து போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் எந்த விலங்கையும் வேட்டையாட முடியாது. அங்கே நரிக்கு ஓரளவு நிம்மதி. அதன் பாடு முழுவதும் பூங்காவுக்கு வெளியே. அங்கே மெத்தப் பெரிய எதிரி சிறுத்தையும் இல்லை, துவக்கும் இல்லை. அது நாய்.

நாயும் நரியும் நெருங்கிய உறவு. அதனால் நாய்க்கு வரும் விசர்நோயும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயும் நரிக்கும் வரும். 1994இல் தான்சானியாவின் செரங்கெட்டியில் ஊர்நாய்களிடமிருந்து பரவிய டிஸ்டெம்பர் வைரஸ் அங்கிருந்த சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கைக் கொன்றது. சிங்கத்துக்கே அந்தக் கதி. தவிர, நாய் அதே எலியையும் அதே பிணத்தையும் அதே குப்பையையும் தின்னும். கூட்டமாக வந்து நரியின் குட்டிகளைக் கொல்லும். அரிதாக இரண்டும் கலந்து குட்டி ஈனுவதும் உண்டு. குரோவேஷியாவில் அப்படிப் பிறந்த கலப்புகளை மரபணுச் சோதனையால் உறுதிசெய்திருக்கிறார்கள்.

ஆகவே, வேடிக்கையாகத் தோன்றினாலும், காட்டோரக் கிராமத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி போடுவது நரிப் பாதுகாப்பில் முதல் வேலை. பிரதேச சபையின் திறந்த குப்பைமேட்டை மூடுவது அடுத்த வேலை. குப்பைமேடு நாயையும் நரியையும் ஒரே இலையில் உட்கார வைக்கிறது. நோய் மாற அதைவிட வசதியான இடம் கிடையாது. நரியோ நாயோ யாரையாவது கடித்தால் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். பகலில் தள்ளாடியபடி, பயமில்லாமல் ஆளிடம் வரும் நரியை நெருங்கவே கூடாது.

இரவில் தெருவைக் கடக்கும்போது அடிபட்டுச் சாவதும் உண்டு. தெருவில் அடிபட்ட தவளையையும் முயலையும் தின்ன வந்து தானும் அடிபடும். காட்டுவழித் தெருவில் இருட்டியபின் வேகத்தைக் குறைப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நரிக்கொம்பையும் விட்டுவிட முடியாது. சில நரிகளின் மண்டையில் மயிர் மூடிய சின்ன எலும்புக் கூம்பு முளைக்கும் என்றும், அதை வைத்திருப்பவர் நினைத்தது நடக்கும் என்றும் ஒரு நம்பிக்கை. 1861இல் எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி இலங்கைச் சிங்களவர், தமிழர் இருவரிடமும் அந்த நம்பிக்கை இருந்ததை எழுதினார். நகைப்பெட்டிக்குள் நரிக்கொம்பு இருந்தால் கள்ளன் வரமாட்டானாம். கொம்பே களவு போனால் தானாகத் திரும்பி வருமாம். இன்று விற்கப்படுபவற்றில் பல தோலையும் மயிரையும் ஒட்டிச் செய்த போலிகள். போலிக்கும் தோல் வேண்டுமே.

ஊளையை எண்ணுவது

எத்தனை நரி இருக்கிறது என்று தெரியாமல் எதைக் காப்பாற்றுவது? இரவில் திரியும், பற்றைக்குள் படுக்கும் விலங்கை வரிசையில் நிறுத்தி எண்ண முடியாது. தானியங்கிக் கமெரா உதவும். ஆனால் ஒரு நரிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் காட்டச் சிறுத்தைக்கு இருப்பது போலப் புள்ளி இல்லை. எச்சத்தைச் சேகரித்து உலர்த்தி, உள்ளே உள்ள மயிர், எலும்பு, விதைகளைப் பிரித்துப் பார்த்தால் சாப்பாடு தெரியும், தலைக்கணக்கு தெரியாது.

இங்கேதான் ஊளை வருகிறது. பல நாடுகளில் ஆய்வாளர்கள் இருட்டிய பின் குறிப்பிட்ட இடைவெளியில் நின்று, பதிவுசெய்த நரி ஊளையை ஒலிபெருக்கியில் போடுகிறார்கள். தன் எல்லைக்குள் அந்நியன் வந்துவிட்டான் என்று நினைத்து அங்கிருக்கும் குடும்பம் பதில் கொடுக்கும். எந்தத் திசையிலிருந்து, எத்தனை கூட்டம் என்று குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவார்கள். ஆண்டுதோறும் அதே இடங்களில், அதே பருவத்தில் செய்தால் கூடுகிறதா குறைகிறதா என்பது தெரிந்துவிடும். குறையும் உண்டு: எல்லா நரியும் பதில் சொல்லாது, அடிக்கடி போட்டால் ஏமாற்று என்று தெரிந்துகொண்டு பேசாமல் இருந்துவிடும். ஒலிபெருக்கிச் சத்தத்தை அந்நியன் என்று பயந்து தங்கள் குட்டிகளை இடம் மாற்றும் அபாயமும் இருப்பதால் இதைப் பயிற்சி இல்லாதவர்கள் விளையாட்டுக்குச் செய்யக் கூடாது.

சும்மா காது கொடுப்பதற்குப் பயிற்சி வேண்டாம். வயலோரத்தில் வீடு உள்ளவர் ஒரு கொப்பியில் தேதி, நேரம், எந்தப் பக்கம், எத்தனை தரம் என்று எழுதி வைக்கலாம். "பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாது" என்று சொல்லிக்கொண்டு திரிகிறோமே, நம் ஊர்ப் பனங்காட்டில் இப்போது நரி இருக்கிறதா என்று அந்தக் கொப்பியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஐந்து வருடக் கொப்பி ஒன்று இருந்தால், அதைப் பார்க்க வரும் ஆய்வாளர் தேநீரும் கேட்பார்.